செப்பிடு வித்தை: சொல்லும் கருவியும்

‘செப்பிடு வித்தை’ என்னும் தொடர் இன்று தமிழ் வழக்கில் பெரும்பாலும் இழிபொருளிலேயே ஆளப்படுகின்றது. கணக்கில் புரட்டுச் செய்வோரையும், சொல்லால் பிறரை மயக்குவோரையும் ‘செப்பிடு வித்தை காட்டுகின்றார்’ என்கின்றோம். பேச்சு வழக்கில் இது ‘செப்படி வித்தை’ எனவும் ஒலிக்கும். ஆயின், இத்தொடரின் முதற்கண் நிற்கும் செப்பு யாது, அதனை இடுதல் என்பது யாது, அவ்வாறு இட்டவர் யாவர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோமாயின், ஊர்தோறும் நடந்து சென்று, மக்கள் நடுவே அமர்ந்து, சிறு கருவிகளைக் கொண்டு வித்தை காட்டி வாழ்ந்த ஒரு கலைஞர் கூட்டத்தின் வரலாறு நம்முன் விரியும்.

இக்கலைஞர்கள் தம் கலையைப் பற்றி நூல் எழுதி வைத்தவர் அல்லர். தம் பெயரைக் கல்லிற் பொறிக்கும் செல்வம் படைத்தவரும் அல்லர். அவர்கள் விட்டுச் சென்றவை இரண்டே எனலாம். ஒன்று, கைக்கு அடங்கிய கருவி. மற்றொன்று, அக்கருவியால் அவர்தம் கலை பெற்ற பெயர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரின் வகை

மாய வித்தையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்களை மூவகைப்படுத்தலாம். இந்திரசாலம், மாயாசாலம் என்பன தெய்வ ஆற்றலையோ மாயையையோ அடியாகக் கொண்டவை. கண்கட்டு வித்தை என்பது காண்போர்க்கு நேரும் நிலைமையை அடியாகக் கொண்டது. செப்பிடு வித்தை என்பதோ வித்தைக்குரிய கருவியை அடியாகக் கொண்டது. கழையின்மேல் ஏறி ஆடுங் கூத்துக் கழைக்கூத்து என வழங்குவதும் இம்மூன்றாம் வகையின்பாற் படும்.

இம்மூவகைப் பெயர்களும் வெவ்வேறு களங்களுக்கு உரியன என்பது கருதத்தக்கது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய வடமொழி நாடகமாகிய இரத்தினாவளியில், அரசவையில் தோன்றும் இந்திரசாலக்காரன் ஒருவன் வானத்தில் தேவரைக் காட்டுகின்றான். அரண்மனை தீப்பற்றி எரிவது போலவும் காட்டுகின்றான். அவை இலக்கியம் போற்றுவது இத்தகைய பெருந்தோற்றங்களையே. தெருவில் அமர்ந்த ஒருவன் மூன்று சிறு கலங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின்கீழ் ஒரு துணிப்பந்தினை வரச் செய்வதும் மறையச் செய்வதும் அவைப் புலவர்க்குப் பாடுபொருளாகத் தோன்றவில்லை போலும். ஆயினும் மக்கள் வழக்கு அதனை மறந்திலது. அக்கலத்தின் பெயரையே கலை முழுமைக்கும் பெயராக்கி நிலைநிறுத்தியது.

செப்பு என்பது சிமிழ். மூடியொடு பொருந்திய சிறு கலம். பூவும் அணிகலனும் நறுமணப் பொருளும் இட்டு வைத்தற்கு உரியது. திருக்குறளின் உட்பகை அதிகாரத்தில், புறத்தே ஒன்றுபோல் தோன்றி அகத்தே வேறாய் நிற்குங் குடிக்குச் செப்பும் அதன் மூடியும் பொருந்தி நிற்கும் நிலை உவமையாக்கப்பட்டுள்ளது. சிறுமியர் சமைத்து விளையாடும் ‘சொப்பு’ எனப்படும் சிறு கலங்களின் பெயரும் இச்சொல்லின் திரிபே. அம்பாசமுத்திரத்திற் கடைசல் வேலைப்பாட்டால் செய்யப்படும் மரச் சொப்புகளைக் கண்டோர், கைக்குள் அடங்குங் கலம் எத்துணை நுண்மையாகக் கடையப்படல் கூடும் என்பதை அறிவர்.

ஈண்டு ஒரு தடை எழல் கூடும். செப்புதல் என்பது சொல்லுதல் ஆதலின், மந்திரத்தைச் செப்பிச் செய்யும் வித்தை என்றே பொருள் கொள்ளலாகாதோ எனின், ஆகாது என்க. அவ்வாறாயின் ‘செப்பு வித்தை’ என வினைத்தொகையாய் நிற்றலே அமையும். இடையே ‘இடு’ என்பதற்கு வேலையில்லை. செப்பினை இட்டுச் செய்யும் வித்தை எனக் கொள்ளுமிடத்து இரு சொல்லும் தத்தம் பொருளில் நிற்கின்றன. ‘செப்படி’ என்னும் வடிவினைச் செப்பிடு என்பதன் மரூஉ எனக் கொள்ளினும், செப்பினை நிலத்தில் அடித்து வைக்கும் செயலைச் சுட்டியது எனக் கொள்ளினும், முதனிலை செப்பு என்னும் பெயர்ச்சொல்லே என்பதிற் மாற்றமில்லை. இதற்கு மலையாளம் உறுதியான சான்று தருகின்றது. அம்மொழியில் ‘செப்படி வித்ய’ என்னும் பொதுப்பெயரோடு, கவிழ்த்த கலங்களைக் கொண்டு காட்டும் வித்தைக்கே உரிய சிறப்புப் பெயராகச் ‘செப்பும் பந்தும்’ என்பது இன்றளவும் வழங்குகின்றது. பந்தோடு எண்ணப்படும் செப்புக் கலமே அன்றிச் சொல்லாதல் இயலாது.

பிறமொழிச் சான்று

கருவியால் கலைக்குப் பெயரிடும் இவ்வழக்குத் தமிழ்க்கும் மலையாளத்திற்கும் மட்டும் உரியதன்று. அரபு மொழியில் ஹுக்கா என்பது சிமிழ் அல்லது சிறு கலம். புகை பிடிக்கும் ஹுக்காவும் இச்சொல்லே. பாரசீகர் இச்சொல்லை ஏற்று, ஹுக்காவைக் கொண்டு விளையாடுபவன் என்னும் பொருளில் வித்தைக்காரனை ‘ஹுக்காபாஸ்’ என்றனர். துருக்கியர் அதனையே ‘ஹொக்காபாஸ்’ என வழங்கினர். இஃது எழுத்துக்கு எழுத்துச் செப்பிடு வித்தைக்காரன் என்பதன் மொழிபெயர்ப்புப் போல அமைந்துள்ளமை வியப்பளிக்கின்றது. அன்றியும், தமிழில் நேர்ந்தவாறே அம்மொழிகளிலும் இப்பெயர் நாளடைவில் ஏமாற்றுபவன் என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது.

மேலை நாடுகளிலும் இதனையே காண்கின்றோம். இத்தாலியர் வித்தைக்காரனைச் சிறு கலங்களால் ஆடுபவன் என்னும் பொருள்பட ‘புசொலொட்டி’ என்னும் கலப்பெயரோடு சேர்த்து அழைத்தனர். பிரெஞ்சு மொழியில் ‘கோப்லே’ எனப்படும் கிண்ணங்களை ஆடுபவன் என்பதே அவன் பெயர். அவன் கையாளும் சிறு உருண்டைக்கு ‘முசுக்காது’ என்பது பெயர். அதற்குச் சாதிக்காய் என்பது பொருள். உருண்டையின் அளவு சாதிக்காயின் அளவை ஒத்திருந்தமையின் அப்பெயர் பெற்றது. கிரேக்கர் கலத்தை விடுத்துக் கல்லைப் பற்றிக்கொண்டு, கூழாங்கல்லால் ஆடுபவன் எனப் பொருள்படும் ‘செபோபைக்தேசு’ என்னும் பெயரிட்டனர்.

ஒன்றோடொன்று பெயரைக் கடன் கொடுத்ததாகக் கொள்ளற்கியலாத இத்தனை மொழிகளும் ஒரே நெறியிற் பெயரிட்டமைக்குக் காரணம் யாது? வித்தைக்காரனைத் தெருவிற் கண்ட மக்களின் கண்ணில் முதலிற் பட்டதும் நெஞ்சில் நிலைத்ததும் அக்கலமே என்பதன்றி வேறு காரணங் கூறல் அரிது.

தொன்மை

இவ்வித்தையின் தொன்மையைக் கூறுவோர் எகிப்து நாட்டுப் பெனிஹாசனில் உள்ள மூன்றாம் பாக்கேத்து என்பவரின் கல்லறை ஓவியத்தை எடுத்துக்காட்டுதல் வழக்கம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வோவியத்தில் இருவர் எதிரெதிரே மண்டியிட்டிருக்க, இடையே கலங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஆயின் அங்கே உருண்டை காணப்படவில்லை. காண்போர் கூட்டமும் இல்லை. அஃது இருவர் ஆடும் ஏதேனும் ஒரு விளையாட்டாகவும் இருக்கலாம். ஆதலின் அதனைச் சான்றாகக் கொள்ளாது விடுதலே ஆராய்ச்சி நெறிக்கு ஏற்றது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று உரோம நாட்டு மெய்யியலறிஞர் செனக்காவின் மடல்களிற் கிடைக்கின்றது. கி. பி. 65-இல் மறைந்த அவர், சொற்சிக்கலால் பிறரை மடக்கும் வாதங்களை வித்தைக்காரரின் கிண்ணங்களுக்கும் கூழாங்கற்களுக்கும் ஒப்பிடுகின்றார். அவை தீங்கு செய்வன அல்ல. ஏமாறுதலே அங்கு இன்பம். செய்யும் வகையை அறிந்தபின் அவற்றிற் சுவை இல்லை என்பது அவர் கருத்து. பிற்காலக் கிரேக்க எழுத்தாளராகிய அல்சிஃப்ரான் புனைந்த மடலொன்றில், நகரம் புகுந்த உழவன் ஒருவன் தான் கண்ட வியப்பை எழுதுகின்றான். முக்காலியின்மேல் மூன்று சிறு கிண்ணங்கள். அவற்றின்கீழ் வெண்ணிறக் கூழாங்கற்கள். அவை மறைகின்றன, வித்தைக்காரன் வாயில் தோன்றுகின்றன, பின் அருகே நின்றோரின் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. இத்தகையவன் தன் பண்ணைக்கு வாராதிருக்க வேண்டும், வந்தால் ஒரு பொருளும் மிஞ்சாது என்று அவ்வுழவன் அஞ்சுகின்றான். வித்தைக்காரனைக் கள்வனாக எண்ணும் எண்ணமும் வித்தையைப் போலவே பழமையானது என்பது இதனாற் பெறப்படும்.

கருவியின் அமைப்பு

இனி, கருவியின் அமைப்பினை நோக்குவோம். மேலை நாட்டுக் கிண்ணத்தின் இயல்பினைப் பிரெஞ்சுக் கணக்கறிஞர் ஓசனாமின் நூலாற் தெளிவாக அறியலாம். அவருடைய பொழுதுபோக்குக் கணக்கு நூல் 1694-இல் முதலில் வெளிவந்தது. அவர் மறைவுக்குப்பின் விரிவாக்கப்பெற்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பில் கிண்ண வித்தை விரிவாக விளக்கப்பட்டது. அக்காலக் கிண்ணங்கள் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனவை. வாய் அகன்று அடி குறுகியவை. ஒன்றனுள் ஒன்று அடங்குபவை. கவிழ்த்து வைக்கும்போது மேலாக நிற்கும் அடிப்பகுதி குழிந்திருக்கும். உருண்டை உருண்டு விழாது அதன்மேல் தங்குதற்கு அக்குழி உதவும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும்போது அதே குழி, இரு கிண்ணங்களுக்கு இடையே உருண்டை நசுங்காது இருக்க இடந்தரும். வாயருகே ஓடும் புடைத்த வளையங்கள் அழகுக்கு மட்டும் அமைந்தவையல்ல. விரல் பற்றுமிடத்தை உறுதி செய்வதோடு தகடு நெளியாமலும் காக்கும். உருண்டைகள் தக்கையால் ஆனவை. தக்கை எடையற்றது, தகட்டில் மோதினும் ஓசை எழாது.

இந்தியக் கலம் இதனின் முற்றிலும் வேறுபட்டது. அது மரத்தாற் கடைந்தோ உலோகத்தால் வார்த்தோ செய்யப்படுவது. ஆழம் குறைந்து மணியின் வடிவில் இருக்கும். அதன் உச்சியில் மெல்லிய காம்பும் அக்காம்பின் முடிவில் ஒரு குமிழும் உண்டு. உருண்டைகள் துணியைச் சுருட்டித் தைத்தவை. குமிழையுடைய கலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் இயலாது. அதன் உச்சியில் உருண்டையை வைத்தலும் இயலாது. இவ்வேறுபாட்டைக் கண்ட சிலர் இந்தியக் கருவியை வளர்ச்சியுறாத ஒன்றெனக் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது.

வேறுபாட்டிற்குக் காரணம் வித்தைக்காரன் இருக்கும் நிலையே. மேலை நாட்டான் மேசையின் பின்னே நிற்கின்றான்; அவன் இடுப்பிற் கட்டிய பையும் மேசையின் விளிம்பும் அவனுக்குத் துணை. நம் நாட்டு வித்தைக்காரனோ வெறுநிலத்தில் குந்தி அமர்கின்றான். மக்கள் நாற்புறமும் சூழ்ந்து மேலிருந்து நோக்குகின்றனர். மேசையும் இல்லை, மறைப்பும் இல்லை. இந்நிலையிற் கலத்தை முழுக்கையாற் பற்றினால் அக்கைக்கு வேறு வேலை செய்ய இயலாது. குமிழை இரு விரல்களின் இடுக்கிற் பற்றித் தூக்குவானாயின், ஏனைய விரல்கள் தம் தொழிலைச் செய்ய விடுதலை பெறும். உள்ளங்கை கலத்தின் மேற்புறத்தை மூடாதாகலின், காண்போர்க்குக் கலம் முழுதும் வெளிப்படையாகத் தோன்றும். எனவே அக்குமிழ் வளர்ச்சிக் குறைவின் அடையாளமன்று. நிலத்தில் அமர்ந்து ஆடுங் கலைக்குக் கடைசற்காரனும் வித்தைக்காரனும் சேர்ந்து கண்ட தீர்வு ஆகும்.

இருவகைக் கலங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அதுவே இங்கு முதன்மையாகக் குறிக்கத்தக்கது. நல்ல செப்பில் மறைவறை இல்லை, பொய்யடி இல்லை, விசை இல்லை. யார் கையிற் கொடுத்துப் பார்க்கச் சொல்லினும் அஃது ஒரு கலமே. மூன்றும் அளவிலும் எடையிலும் ஒத்திருத்தல், விளிம்பு மழுங்கி நிலத்திற் சீராகப் படிதல், எடுக்கும்போது ஓசை எழுப்பாமை, விரலுக்கு இசைந்த பருமன் என்பனவே அதன் சிறப்புகள். கருவி நேர்மையானது, திறன் முழுவதும் கையைச் சார்ந்தது. கடிகாரத் தொழில் பயின்று, 1845-இல் பாரிசு நகரில் தம் அரங்கினைத் திறந்து, நுண்பொறிகளால் உலகை வியப்பித்த ரொபேர் ஊதேனும் 1868-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கிண்ண வித்தைக்கெனத் தனிப்பகுதி வகுத்தார். பொறியால் புகழ் பெற்றவரே பொறியில்லாக் கருவிக்கு இடந்தந்தமை நினைக்கத்தக்கது.

கருவியும் உயிரும்

சிறு கலத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி வீண் நுணுக்கமன்றோ எனச் சிலர் வினவலாம். கருவியை விளங்க உரைத்தல் ஒரு காலத்தில் உயிரைக் காக்கும் தொழிலாக இருந்தது என்பதே அதற்கு விடை.

இங்கிலாந்தில் 1572-இல் இயற்றப்பட்ட நாடோடியர் சட்டம், உரிமம் இன்றி ஊர் சுற்றும் வித்தைக்காரரைக் கூத்தர், பாணர், சிறு வணிகர், கலம் திருத்துவோர் ஆகியோரொடு சேர்த்துப் போக்கிரிகள் என வகுத்தது. குற்றம் உறுதியாயின் சவுக்கடியும், வலக் காதின் குருத்தெலும்பைக் காய்ச்சிய இரும்பால் துளைத்தலும் தண்டனை. சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் தூக்கிலிடப்பட்ட காலமும் அதுவே. அந்நாளில் ரெஜினால்டு ஸ்காட் என்பவர் 1584-இல் சூனியத்தின் பொய்ம்மையை வெளிப்படுத்தும் நூலொன்றை எழுதினார். சூனியம் எனக் கூறப்படுவனவற்றிற் பல கைத்திறனும் கருவியுமே என நிறுவுதற்காக, அவர் உருண்டை, காசு, சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வித்தைகளை விளக்கினார்; வித்தைக்காரரின் பொய்க்கத்திகளைப் படம் வரைந்தும் காட்டினார். இலண்டனில் வாழ்ந்த காத்தரசு என்னும் பிரெஞ்சு வித்தைக்காரர் அவருக்குத் துணை நின்றார். உருண்டை வித்தைக்குக் கிண்ணமே அன்றி, மெழுகுவத்தித் தண்டும் உப்புக்கலத்தின் மூடியும் போதும் என்று அவர் கூறுவது குறிக்கத்தக்கது. வீட்டிலுள்ள பொருளாற் செய்யக்கூடியது பேயின் செயலாதல் எங்ஙனம் என்பது அதனுள் அடங்கிய வினா.

அதற்கு முன்னரே, ஏறத்தாழ 1500-இல், நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமசு பாஷ் பெயரால் வழங்கும் ஓவியம் இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. மேசைமேல் கிண்ணங்களும் உருண்டைகளும். வித்தைக்காரன் ஓர் உருண்டையை உயர்த்திக் காட்டுகின்றான். குனிந்து நோக்குபவன் வாயினின்று தவளை வெளிப்படுகின்றது. அவன் பின்னே நிற்பவன் அவனுடைய பணப்பையை அறுக்கின்றான். கலைஞனையும் கள்வனையும் ஒரே சட்டத்துள் அடைத்த ஓவியம் இது. அல்சிஃப்ரானின் உழவன் அஞ்சிய அச்சமே இங்கு வண்ணம் பெற்றது.

கடல் கடந்த கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வித்தைக்காரர் இலண்டன் சென்றனர். அவருள் பெரும்புகழ் பெற்றவர் ‘ராமோ சாமி’ என அந்நாட்டார் எழுதிய ஒருவர். இராமசாமி என்னும் பெயரின் திரிபே அஃது என்பது வெளிப்படை. வாள் விழுங்குதலிலும் பந்தாடுதலிலும் வல்ல அவர், பல்லாண்டு அந்நாட்டில் வாழ்ந்து 1850-இல் மறைந்தார். அரங்குகளிற் பெயர் பெற்ற அவருடைய குடும்பம், அவரை அடக்கஞ் செய்தற்கும் பிறர் உதவியை நாடும் நிலையில் இருந்தது. ஆங்கில உரைநடை வல்லுநர் வில்லியம் ஹாசுலிட் 1821-இல் வெளியிட்ட ‘இந்திய வித்தைக்காரர்’ என்னும் கட்டுரை, நான்கு பித்தளைப் பந்துகளை ஒரே காலத்தில் வானில் நிறுத்தும் ஒருவரின் திறனைப் போற்றித் தொடங்குகின்றது. அவ்வித்தைக்காரர் தம் தொழிலிற் காட்டும் பழுதின்மையைத் தம் எழுத்திற் காண இயலாமையை எண்ணி ஆசிரியர் நாணுகின்றார். தெருக் கலைஞனின் கைத்திறனைப் புலவன் தன் கலைக்கு அளவுகோலாகக் கொண்ட அருமையான இடம் இது. நம் நாட்டார் திறனை நம்மவர் எழுதாதிருக்க, அயல்நாட்டார் எழுதி வைத்தனர்.

பழைய பழியும் புதிய சட்டமும்

1572-ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது. அதன் மனப்பான்மை மறைந்திலது. 1959-இல் இயற்றப்பட்ட பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ஆடியும் பாடியும் வித்தை காட்டியும் பொருள் பெறுதலைப் பிச்சையெடுத்தல் என்னும் வரையறைக்குள் அடக்கியது. அச்சட்டம் பின்னர்த் தில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. எனவே, தந்தை வழியாகத் தான் பெற்ற செப்பினை நிலத்தில் வைத்த வித்தைக்காரன், சட்டத்தின் கண்ணில் கலைஞனாக அன்றி இரவலனாகவே நின்றான். வித்தைக்காரரும் பாவைக்கூத்தரும் நெடுங்காலம் வாழ்ந்த தில்லிக் கட்புதலி குடியிருப்பு 2017-இல் இடிக்கப்பட்டது. 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம், பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கும் அச்சட்டப் பகுதிகள் அரசியலமைப்பிற்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தது. பழி நீங்கியதாயினும் களம் மீளவில்லை.

இந்நிலையிற் சொல்லாராய்ச்சி செய்யக்கூடிய தொண்டு சிறியதாயினும் உண்மையானது. ‘செப்பிடு வித்தை’ என்பதற்கு ஏமாற்று எனப் பொருள் கூறி அமைவது, பாஷ் ஓவியத்தின் பணப்பை அறுப்போனை மட்டும் கண்டு வித்தைக்காரனைக் காணாது விடுவதை ஒக்கும். ஏமாற்றுபவன் தன் கருவியை மறைப்பான். செப்பிடுவோனோ தன் கருவியை எல்லோர் முன்னும் வைத்து, எடுத்துப் பாருங்கள் என்பான். அவன் கலைக்கு அக்கருவியின் பெயரே நிலைத்தமை அவ்வெளிப்படைக்குக் கிடைத்த நற்சான்று எனலாம்.

நம் நாட்டிற் செப்புகளைக் கடைந்தோரின் கைமுறையும், அவற்றின் உறுப்புகளுக்கு வித்தைக்காரர் தம்முள் வழங்கும் பெயர்களும், பந்தினை மறைத்தற்கும் தோற்றுவித்தற்கும் அவர்கள் கூறும் குறியீட்டுச் சொற்களும் தொகுக்கப்படல் வேண்டும். முதுகலை மாணவர் இத்தகைய சொற்றொகுப்பினைக் களப்பணியாக மேற்கொள்ளலாம். குமிழ் தேய்ந்து, விளிம்பு மழுங்கி, பல தலைமுறையின் விரற்சுவடு படிந்த மூன்று மரக்கலங்கள் நம் அருங்காட்சியகங்களில் இடம்பெறத்தக்கன. அவற்றை வைத்திருப்போர் நம்மிடையே உள்ளபோதே அப்பணி நிறைவேறுதல் நன்று.